சேராத கட்டைகள்

18 ஜனவரி 1983, செவ்வாய் — புதூர்நாடு

பொங்கல் முடிந்து இன்றுதான் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பினார்கள். திருப்பத்தூர் பேருந்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, விடுதிக்கு வந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து மலையேறினேன்.

தலைமையாசிரியர் தங்கவேல் சார் விளையாட்டுச் சாமான் அறையை எனக்காகத் திறந்து கொடுத்தார். ஒரு சன்னல், ஆடுகிற மேஜை, காற்றுப் போன கால்பந்து. "இன்னாம்மா, இது போதுமா?" என்றார். போதும். மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தேன்.

எம்.பில். சேர்ந்து ஏழு மாதம். முதன்முதலாக நூலகத்துக்கு வெளியே, உயிருள்ள மனிதர்களை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறேன். பயமாக இருக்கிறது என்று எழுதவே தயக்கம். என் ஆய்வு வழிகாட்டி ராஜவேலு சார் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பது மாதிரி இருக்கிறது.

19 ஜனவரி

சென்னையை விட்டுக் கிளம்பும்போது ராஜவேலு சார் சொன்னார்: "திட்டத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டும், அன்னாள்." எனக்கே ஒருமுறை ஒப்பித்துக்கொள்கிறேன்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாற்பது பிள்ளைகள். இரண்டு பிரிவு. ஒவ்வொருவராக வந்து, அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து, சிவப்பும் வெள்ளையுமான நாலு மரக்கட்டைகளை அதே மாதிரி அடுக்க வேண்டும். அ பிரிவுக்கு வரும் ஐந்து படங்களும் செய்யக்கூடியவை. ஆ பிரிவுக்கு வரும் ஐந்தும் செய்யவே முடியாதவை. கட்டையில் இல்லாத ஒரு பக்கம் படத்தில் இருக்கும். பிள்ளைக்கு அது தெரியாது. பத்து நிமிட ஓய்வுக்குப் பிறகு இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி சுலபமான ஐந்து படங்கள். முன்பு தோற்றவர்கள் சுலபமானதையும் தொடாமல் விட்டுவிடுகிறார்களா? விட்டால், அதற்குப் பெயர் 'கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம்'. சார் தமிழாக்கித் தந்த தொடர்.

தொடங்குமுன் எல்லோருக்கும் ஒரே அறிவுறுத்தலைப் படிக்க வேண்டும். அதில் ஒரு வாக்கியம்: "உன் வயதுப் பிள்ளைகள் இதைச் சுலபமாகச் செய்துவிடுகிறார்கள்." அதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தேன். "அந்த வாக்கியம்தான் பரிசோதனையே," என்றார் சார்.

21 ஜனவரி, வெள்ளி

புள்ளியியல் புத்தகத்தின் பின்னால் இருக்கும் எண் அட்டவணையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு பென்சில் முனையால் குத்தினேன். ஒற்றைப்படை வந்தால் அ, இரட்டைப்படை வந்தால் ஆ. யார் பக்கமும் சாயாமல் பிரிப்பதற்கு இதுதான் வழி.

தங்கவேல் சார் வாசலில் நின்று பார்த்தார். "இன்னாம்மா, கண்ண மூடிக்கினு குத்தற? சாமி உத்தரவு கேக்கற மாதிரி கீது!" சிரித்தேன். பிறகு அவர், "எங்க மங்கம்மாவ எதுல போட்ட? ஏழாவது. எங்க இஸ்கூலு கலெக்டரு அவதான். அடுத்த வருசம் ஸ்காலர்ஷிப் பரிட்சைக்கு அனுப்பப் போறேன்," என்றார்.

பதினேழாவது பெயர். ஆ பிரிவு.

யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. "ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றேன்.

24 ஜனவரி, திங்கள்

இன்று நாலு பேர். பிள்ளை தவித்தாலும் தப்பாகச் செய்தாலும் என் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் பழகிய முகம். மாலையில் தாடை வலித்தது.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ஆ பிரிவு, முதல் படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "படம் தப்பு டீச்சர். வரஞ்சவருக்குத் தெரில," என்று கட்டையைத் தள்ளிவிட்டான். ஓய்வு முடிந்து சுலபமான ஐந்தையும் மளமளவென்று முடித்துவிட்டு ஓடினான். எனக்குள் ஒரு நிம்மதி. ஏன் நிம்மதி? அவன் என் கருதுகோளுக்கு எதிரான தரவு அல்லவா?

26 ஜனவரி

கொடியேற்றம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு மிட்டாய். எனக்கும் இரண்டு.

27 ஜனவரி, வியாழன்

இன்று பதினேழாம் எண். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். ஆனால் இது என் நாட்குறிப்பு. மங்கம்மாள்.

படிய வாரிய தலை. ரிப்பனுக்குப் பதிலாகக் கிழித்த துணி. உள்ளே வந்ததும் கட்டைகளை எண்ணினாள். "நாலுதானா டீச்சர்?" என்று கேட்டாள். அறிவுறுத்தலைப் படித்தேன். அந்த வாக்கியம் வந்தபோது தலையை ஆட்டினாள், அப்படியென்றால் நானும் செய்துவிடுவேன் என்பது போல.

மற்றவர்கள் ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். இவள் விடவில்லை. ஒவ்வொரு கட்டையாக எடுத்து ஆறு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலாவது நிமிடத்தில் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: "இந்தப் பக்கம் இதுல இல்லியே..."

அதுதான் விடை! ஆ பிரிவுக்கு வைத்திருக்கும் தந்திரத்தை நாலே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஒரு தலையசைப்பு, அரைச் சிரிப்பு, ஏதாவது காட்டியிருந்தால் போதும். பழகி வைத்திருந்த முகத்தைக் காட்டினேன்.

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "நாந்தான் சரியா பாக்கல போல," என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

ஐந்து படத்துக்கு முப்பத்தொரு நிமிடம். ஐந்து தடவை நான், "சரி, அடுத்தது," என்றேன். கடைசியில் உள்ளங்கை வேர்த்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஓய்வு நேரத்தில் வெளியே போகவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு சுலபமான படம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் செய்துவிடும். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"எனக்கு வராதுங்க டீச்சர்."

ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருந்தேன். பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து, கட்டைகளைப் பெட்டியில் ஒழுங்காக அடுக்கி மூடிவிட்டு, "போய்ட்டு வர்றேன் டீச்சர்," என்றாள்.

அட்டவணையில் ஐந்து பூஜ்யம் எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இங்கேகூட மறைத்தால் எங்கே சொல்வது? கருதுகோள் பலிக்கிறது என்று சந்தோஷம். அரைமணி நேரம் கழித்துத்தான் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

28 ஜனவரி

ராஜவேலு சாருக்குக் கடிதம் எழுதினேன். தோற்ற பிள்ளைகளிடம் அன்றன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடலாமா? மங்கம்மாள் விஷயத்தையும் விவரமாக எழுதியிருக்கிறேன். நாளை பிள்ளைகள் மாதக் கடைசி லீவுக்கு வீட்டுக்குப் போகிறார்கள். தபால் மலையிறங்கிப் பதில் வர ஒரு வாரமாவது ஆகும்.

4 பிப்ரவரி, வெள்ளி

பதில் வந்தது. "பதினேழாம் எண் மிக அழகான தரவு. ஆய்வேட்டில் அதைத் தனியாக விவரிக்கலாம். நாற்பது பேரும் முடியும்வரை எதையும் சொல்ல வேண்டாம். ஒருத்தி தெரிந்துகொண்டால் மாலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். ஆராய்ச்சியில் பொறுமை முக்கியம்."

சார் சொல்வது தப்பில்லை. பாடத்தில் இருப்பதும் அதுதான்.

லீவு முடிந்து எல்லோரும் செவ்வாயன்றே வந்துவிட்டார்கள். மங்கம்மாள் மட்டும் வரவில்லை.

5 பிப்ரவரி

தங்கவேல் சாரிடம் கேட்டேன். "புளி சீசன் வந்தா பொட்டப் புள்ளைங்கள நிறுத்திடுவாங்கம்மா. வருசா வருசம் நடக்கறதுதான். போன வருசமும் அவங்கப்பன் நிறுத்தினான், அவ அழுது ஓடியாந்துட்டா. இந்த வாட்டியும் வந்துடுவா, பாரு."

புளி சீசன்தான் காரணம். அப்படியே இருக்கட்டும், மாதாவே.

6 பிப்ரவரி, ஞாயிறு

இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஜெபம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன். மங்கம்மாளின் ஊருக்கு இரண்டு மணி நேர நடை. மழை பொய்த்த வருடம். கொல்லைகளில் சாமைத் தாள் காய்ந்து கிடந்தது.

மங்கம்மாளின் அம்மா மாதம்மாள் வாசலில் புளியை அடித்து ஓடு எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மங்கம்மாள், கல்லில் வைத்துக் கொட்டை நீக்கிக்கொண்டு. என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. பள்ளியில் நான் வராந்தாவில் நடந்தாலே எழுந்து நிற்பவள்.

அப்பா லட்சுமணன் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். நான் கேட்கும் முன்பே அவர் சொன்னார்: "நாங்க நிறுத்தலீங்க. போன வருசம் நான் நிறுத்தனப்ப ஓடனவதான். இந்த வருசம் போடின்னாலும் போமாட்டேன்றா. மெட்ராஸ்லருந்து வந்த டீச்சரே சோதிச்சி பாத்துட்டாங்களாம், அவளுக்குப் புத்தி இல்லன்னு தெரிஞ்சிபோச்சாம். இன்னா பண்ணச் சொல்றீங்க?"

விதியாவது ஒன்றாவது. எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் படத்த யாராலயும் செய்ய முடியாதுங்க. நான் உக்காந்தாலும் வராது. வராத மாதிரிதான் செஞ்சி வச்சிருக்கு."

அவருக்குப் புரிய நேரம் எடுக்கவில்லை. "முடியாதத எதுக்குப் புள்ளைங்க கையில குடுத்தீங்க?"

"முடியலன்னா புள்ளைங்க இன்னா பண்ணுதுன்னு பாக்கறதுக்கு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

 அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எழுந்து மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

மங்கம்மாள் கொட்டை நீக்குவதை நிறுத்தியிருந்தாள். "அப்பவே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"அந்தப் பக்கம் இல்லன்னு நான் சொன்னேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும் மங்கா. நீ சொன்னதுதான் சரி. நாலு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்ட. எங்க தப்புன்னு வேற யாருமே கண்டுபிடிக்கல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சும்மா சொல்றீங்க. நான் இஸ்கூலுக்கு வரணும்னு சொல்றீங்க. டீச்சருங்க அப்பிடியெல்லாம் பண்ண மாட்டாங்க."

மறுபடியும் கல்லை எடுத்துக்கொண்டாள்.

என்ன சொன்னால் நம்புவாள்? நான் கெட்டவள் என்று எப்படி நிரூபிப்பது? ஐயோ, அவ எம்மேல வச்ச மரியாதைதான் இப்ப குறுக்க நிக்குது.

7 பிப்ரவரி

இருபத்துநாலு பேர் முடிந்திருக்கிறார்கள், அதில் பன்னிரண்டு பேர் ஆ பிரிவு. பதினாறு பேர் மீதி. இன்று யாரையும் கூப்பிடவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

9 பிப்ரவரி, புதன்

காலை வழிபாடு முடிந்ததும் தங்கவேல் சாரிடம் ஐந்து நிமிடம் கேட்டேன். கட்டைகளையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நின்றேன். "இந்த அஞ்சு படமும் பொய்ப் படம். யாராலும் செய்ய முடியாது. முடியாமல் போனது உங்கள் தப்பு இல்லை. நான்தான் ஏமாற்றினேன்," என்றேன்.   அந்த ஆறாம் வகுப்புப் பையன், "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் சிரிக்கவில்லை.

தங்கவேல் சாரும் சிரிக்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டார். "எங்கிட்டகூட சொல்லலியேம்மா. புத்திய அளக்கறதுக்குன்னுதான நான் நெனச்சேன். நானே இல்ல அந்தப் பொண்ண, 'போ, டீச்சர்கிட்ட உன் கெட்டிக்காரத்தனத்த காட்டு'ன்னு அனுப்பனேன்?"

ஆய்வு முடிந்தது. தெரிந்துவிட்ட பிள்ளைகளை வைத்து இனி எதையும் அளக்க முடியாது. ஏழு மாத உழைப்பு வீண்.

15 பிப்ரவரி — சென்னை

ராஜவேலு சார் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதைத்தானே முதல் பருவத்தில் சொல்லித்தந்தேன்? அவள் நின்றதற்கு வறட்சி காரணமாக இருக்கலாம், வயது காரணமாக இருக்கலாம். உங்கள் கட்டைதான் காரணம் என்று எப்படித் தெரியும்?"

தெரியாது. அதுதான் கொடுமை. நிரூபிக்க வழியில்லை. இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை.

16 பிப்ரவரி, விபூதிப் புதன்

ஜோலார்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பன்னிரண்டு பிள்ளைகளிடம் பொய் சொன்னேன், சாமி," என்றேன். எதற்காக என்று கேட்டார். விளக்கினேன். "பரீட்சை வைத்ததில் என்ன பாவம், மகளே?" என்றார். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் அப்படியே இருக்கிறது.

6 மார்ச், ஞாயிறு

மறுபடியும் மலை. இந்த முறை கட்டைப் பெட்டியுடன், மங்கம்மாளின் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களும் ஆ பிரிவு. "எங்களுக்குந்தான் வரல, யாருக்குமே வரலடி," என்றார்கள். நான் அட்டையை வைத்து, கட்டையின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். மங்கம்மாள் பெட்டியைப் பார்த்ததுமே உள்ளே போய்விட்டாள். தோழிகள் போய்க் கூப்பிட்டார்கள். வரவில்லை.

மாதம்மாள் அன்றுதான் முதன்முறையாக என்னிடம் பேசினார். "அத்த மூடி வையி மொதல்ல. அத்தப் பாத்தாலே அவளுக்கு வேர்க்குது."

மூடினேன்.

தோழிகள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள். 

1 ஏப்ரல், பெரிய வெள்ளி

வீட்டில். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

11 ஏப்ரல், திங்கள் — சென்னை

இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டதாக எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நடக்கவில்லை.

"ஜூனில் செங்கம் பக்கம் ஒரு பள்ளி. முதலிலிருந்து நாற்பது பிள்ளைகள்," என்றார் ராஜவேலு சார். நான் மூன்று விஷயம் கேட்டேன். அறிவுறுத்தலில் இருக்கும் அந்த 'உன் வயதுப் பிள்ளைகள்' வாக்கியத்தை எடுக்க வேண்டும். முடியாது என்றார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அறையை விட்டுப் போகும் முன்பே உண்மையைச் சொல்ல வேண்டும். வெகு நேரம் யோசித்தார். "நாற்பது பேரையும் ஒரே நாளில் முடித்து, அன்று மாலையே சொல்லுங்கள். உதவிக்கு நாலு எம்.ஏ. மாணவர்களைத் தருகிறேன்," என்றார். மூன்றாவது, பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

"பெற்றோரிடமா? தலைமையாசிரியர் அனுமதி போதுமே. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் என்ன கேட்பீர்கள்?"

"வாயால் கேட்கிறேன் சார்."

"நேரம் இருந்தால் கேளுங்கள்."

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுகிற எல்லோரையும் போலத்தான் நானும். அந்த வாக்கியத்தை இன்னும் நாற்பது தடவை யாரோ படிக்கப் போகிறார்கள்.

2 ஜூன்

செங்கம் பள்ளிக்காகத் தாளில் கோடு போட்டேன். பிள்ளையின் பெயர், தாய் அல்லது தகப்பன் பெயர், என்ன சொன்னார்கள். நாற்பது வரி. என்ன சொல்லிக் கேட்பது என்று பத்து விதமாக எழுதி அடித்தேன். உண்மையைச் சொன்னால் பரிசோதனை கெடும். மறைத்தால் அது கேட்டதாகாது. 'உங்கள் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் கஷ்டமாக இருக்கும், அன்றைக்கே காரணத்தைச் சொல்லிவிடுவோம்' என்பதில் வந்து நிற்கிறது. இது போதுமா?

20 ஜூன், திங்கள் — புதூர்நாடு

செங்கம் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மலையேறினேன். பள்ளி திறந்து இரண்டு வாரம். தங்கவேல் சார் என்னைப் பார்த்ததும் எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். மங்கம்மாளின் பெயர் இருந்தது. அதற்கு எதிரே, ஒரு நாள்கூட வராததற்கு, நேராக ஒரே கோடு.

அலுவலக அறை வாசலில் மாதம்மாள் நின்றிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், ஐந்தாறு வயது. மங்கம்மாளின் தங்கையாம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருக்கிறார்.

"மங்கா எப்பிடி கீறா?" என்று கேட்டேன்.

"கன்னட தேசத்துல கீறா. எந்தம்பி குடும்பம் காப்பித் தோட்டத்துக்குப் போச்சி, கூடவே அனுப்பிட்டோம். மூணு மாசமா மழ இல்ல, இங்க இன்னா கீது? நல்லா வேல செய்றாளாம். மேஸ்திரி மெச்சிக்கறானாம்."

"படிப்பப் பத்தி..."

"பேச்சே எடுக்கல."

 அந்தச் சின்னப் பெண் என் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மாதம்மாள் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. மங்காவுக்கு வேணாம்னு ஆச்சி. இவள நான் படிக்க வெக்கப் போறேன். இவங்கப்பா வேணாம்னாலும் வெக்கப் போறேன். ஆனா நீ இல்ல, உன்ன மாதிரி வேற யாரு வந்தாலும், இவள அந்த ரூமுக்குள்ள இட்டுக்கினு போவக் கூடாது. எந்த சோதனையும் இவளுக்கு வேணாம். வாத்தியார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"சரிம்மா," என்றேன். 

பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். செங்கத்துக்காகக் கோடு போட்டது, இன்னும் ஒரு பெயரும் ஏறாதது. "நீங்க சொன்னத எழுதிக்கவாம்மா?"

சந்தேகமாகப் பார்த்தார். "எழுதனா இன்னா ஆவும்?"

"எழுதியிருந்தா யாரும் மாத்த முடியாது. உங்க பேச்சுதான் முடிவு."

"அப்ப எழுது. எம்பேரப் போட்டே எழுது."

அலுவலக மேஜையில் வைத்து எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நான் எழுதி முடிக்கும்வரை என் கைக்கு நேராகக் குனிந்து நின்று பார்த்தார். பிறகு, "படி," என்றார்.

படித்துக் காட்டினேன்: "தாய், மாதம்மாள். சம்மதம் இல்லை."

"ஆங், அதான்," என்று சொல்லிவிட்டு மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

முதல் வரி நிரம்பியிருக்கிறது. நாளை செங்கம்.